ஐந்து முறை தட்டிய கதவு

தானியேல் நூலின் பதின்மூன்றாம் அதிகாரம் நம் பிரிந்த சகோதரர்களின் விவிலியத்தில் இல்லை. நமக்கு அது வாய்த்திருப்பதை ஒரு பேறாகவே நாம் கருதி வந்திருக்கிறோம். தவக்காலத்தின் ஐந்தாம் வாரத் திங்களன்று திருப்பலியில் வாசிக்கப்படும் அந்த நீண்ட வாசகத்தைக் கேட்காதார் நம்மில் குறைவு. சூசன்னா என்னும் மாசற்ற பெண்மீது ஊர்ப் பெரியவர் இருவர் பழி சுமத்துகின்றனர். பெரியவர் சொல் என்பதால் சபை நம்பிவிடுகிறது. கொல்வதற்கு அவளை இட்டுச் செல்லும் வழியில் தானியேல் என்ற இளைஞன் குறுக்கே நிற்கிறான். இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர் என்று ஒரே கேள்வியைக் கேட்கிறான். ஒருவர் ஒரு மரத்தைச் சொல்ல, மற்றவர் வேறொரு மரத்தைச் சொல்கிறார். பொய் அந்த இடத்திலேயே உடைந்து போகிறது.

குற்றப் புலனாய்வின் முதற்பாடம் இதுவன்றோ? சாட்சிகளைப் பிரித்து வை. ஒருவர் சொல் மற்றவர் காதில் விழாமல் பார்த்துக்கொள். பெரிய மனிதர் என்பதற்காக நம்பிவிடாதே. இவ்வளவையும் ஒரு மறைநூல் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. ஆனால் அந்த அதிகாரத்தில் நாம் பலமுறை வாசித்தும் கவனியாது விட்ட வரி ஒன்று உண்டு. சூசன்னா மன்றத்திற்கு வரும்போது அவளுடைய பெற்றோரும் பிள்ளைகளும் உறவினர் அனைவரும் உடன் வருகின்றனர், அவளுக்காக அழுகின்றனர். அவளுக்கு வீடு இருந்தது. அந்த வீடு அவள் பக்கம் நின்றது.

வீடே எதிர்ப்பக்கம் நின்றால் என்னவாகும்? பெற்றோரும் உறவினரும் அழுவதற்குப் பதிலாக, கல்லெடுப்பவர்களாக இருந்தால்? அப்படிப்பட்ட வழக்கொன்றைத் துப்பறிந்த ஒரு பெண்மணியைப் பற்றித்தான் இங்கே எழுத முற்பட்டோம்.

அவர் பெயர் கரோலைன் கூட். லண்டன் பெருநகரக் காவல்துறையின் கொலை வழக்குப் பிரிவில் தலைமைத் துப்பறியும் ஆய்வாளராகப் பணியாற்றியவர். 2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் கைக்கு வந்த வழக்கு, அவருடைய பணிவாழ்வின் போக்கையே மாற்றிவிட்டது. அதுபற்றி அவர் எழுதிய நூல் 2020இல் வெளிவந்தது. அதே ஆண்டு தொலைக்காட்சி நாடகமாகவும் அது காட்டப்பட்டது.

பனாஸ் மஹ்மூத் என்ற இளம்பெண் ஈராக்கின் குர்து இனக் குடும்பமொன்றைச் சேர்ந்தவர். தெற்கு லண்டனில் பெற்றோருடன் வாழ்ந்தவர். பதினேழு வயதில் பெரியோர் பார்த்து வைத்த மணம். தன்னைவிட மிகவும் மூத்த அந்தக் கணவரிடம் பட்ட அடியும் கொடுமையும் தாளாமல் ஈராண்டுக்குள் பெற்றோர் வீட்டிற்குத் திரும்பினார். பின்னர் தாமே விரும்பிய ஓர் இளைஞரோடு பழகினார். 2005 டிசம்பரில் அவருடைய சித்தப்பாவின் தலைமையில் ஆண்கள் கூடிப் பேசினர். குடும்பத்தின் பெயரைக் காக்க இருவரும் சாகவேண்டும் என்பது அவர்களது முடிவு.

பனாஸுக்கு அது தெரிந்துவிட்டது. அவர் ஊமையாய் இருந்துவிடவில்லை என்பதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும். மொத்தத்தில் ஐந்து முறை அவர் காவல்துறையை நாடினார். தம்மைக் கொல்லக்கூடியவர்கள் இன்னார் இன்னார் என்று பெயர்களை எழுதியே கொடுத்தார். 2005ஆம் ஆண்டின் கடைசி நாளன்று பாட்டி வீட்டுக்கு அழைத்துச் சென்ற தந்தை அவரை வற்புறுத்தி மது அருந்தச் செய்தார். நடக்கப்போவதை உணர்ந்த பனாஸ் தப்பியோடி, அண்டை வீட்டுச் சன்னலைக் கையால் உடைத்து உதவி கேட்டு, இரத்தம் வழிய ஓர் உணவுக்கடையில் போய் விழுந்தார். மருத்துவமனைக்கு வந்த காவலர் அவர் சொன்னதை மிகைப்படுத்திய கதை என்று எண்ணினார். சன்னலை உடைத்ததற்கு அவர்மீதே வழக்குப் பதியலாமா என்றும் யோசித்தார். மருத்துவமனைப் படுக்கையில் பனாஸ் பேசியதை அந்த இளைஞர் தம் செல்பேசியில் பதிந்து வைத்தார். பின்னாளில் நீதிமன்றம் கேட்ட குரல் அது.

2006 ஜனவரி 23 அன்று பனாஸ் கடைசியாகக் காவல்நிலையம் சென்றார். பாதுகாப்பான இடத்தில் தங்க வைக்கிறோம் என்று அப்போது சொல்லப்பட்டது. அவர் மறுத்துவிட்டார். வீட்டில் அம்மா இருக்கிறார், அம்மா இருக்கும்போது எதுவும் நேராது என்று அவர் நம்பினார். மறுநாள் காலை பெற்றோர் வெளியே போயிருந்த வேளையில் வீட்டின் முன்னறையில் அவர் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். வயது இருபது.

இங்கிருந்துதான் கரோலைன் கூட்டின் பணி தொடங்குகிறது. ஒரு பெண் காணாமற்போனால் பெற்றோர் காவல்நிலையத்தில் வந்து கிடப்பர். புகைப்படத்தோடு தெருத் தெருவாய் அலைவர். தேடுகிற அதிகாரிக்குத் தேநீர் கொடுத்து, ஏதாவது தெரிந்ததா என்று கையைப் பிடித்துக் கேட்பர். கொலை வழக்கில் புலனாய்வாளருக்கு முதல் துணை பெரும்பாலும் இறந்தவரின் வீடு. இங்கே பனாஸைக் காணவில்லை என்று முறையிட்டவர் அந்த இளைஞர். பெற்றோரோ, மகள் காணாமற்போகவில்லை, விருப்பம்போல் வெளியே தங்கும் சுதந்திரம் அவளுக்கு உண்டு என்றனர். துப்பறிவாளர் குழு கதவு கதவாகத் தட்டியது. அறிந்தவர்கள் அறியோம் என்றனர். சிலர் வேண்டுமென்றே தவறான திசையைக் காட்டினர். கொன்றவர்கள் சிலர். மறைத்தவர்களோ பலர். மறைத்தவர்களில் பெரும்பாலோர் தம்மைக் குற்றவாளியாக எண்ணவில்லை; குடும்ப விஷயத்தில் வாய் திறவாத பண்புள்ளவர்களாகவே எண்ணிக்கொண்டனர்.

இத்தகைய வழக்கில் வழக்கமான முறைகள் தலைகீழாகின்றன. கொலையாளி யார் என்பது முதல் நாளே தெரியும். இறந்தவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனால் உடல் இல்லை, கண்டவர் இல்லை. கரோலைனின் குழு செல்பேசி அழைப்புப் பதிவுகளைத் தோண்டியது. யார் யாருக்கு எந்நேரம் பேசினார், அப்போது எந்தப் பகுதியில் இருந்தார் என்று மணிக்கணக்காக, நாள்கணக்காகக் கோத்துப் பார்த்தது. சிறையிலிருந்த ஒருவர் வெளியே உள்ளவர்களோடு பேசியவை இரகசியமாகப் பதிவு செய்யப்பட்டன. கொன்ற விதத்தை அவர் சிரித்துக்கொண்டே விவரித்ததைக் குர்து மொழியிலிருந்து வரிவரியாகப் பெயர்த்தெழுத வேண்டியிருந்தது. அதைப் பெயர்த்தவருடைய இரவுகள் எப்படியிருந்தனவோ! 2006 ஏப்ரல் இறுதியில், ஏறத்தாழ மூன்று மாதங்களுக்குப் பின், பர்மிங்காம் நகரில் ஒரு வீட்டுத் தோட்டத்து மண்ணுக்கடியில் பயணப்பெட்டி ஒன்றுக்குள் பனாஸின் உடல் கிடைத்தது.

சகோதரனின் இரத்தம் மண்ணிலிருந்து கூவியழைப்பதாகக் காயினிடம் ஆண்டவர் சொன்னதை நாம் மறைக்கல்வியில் படித்திருக்கிறோம். அந்தக் கூக்குரலைக் கேட்கும் வேலையைச் சிலர் மாதச் சம்பளத்திற்குச் செய்கிறார்கள் என்பது அந்நாளில் நமக்குத் தோன்றியதில்லை.

இங்கிலாந்துக் காவல்துறை இந்தப் பாடத்தை எளிதில் கற்கவில்லை. 2002இல் மேற்கு லண்டனில் ஹேஷு யோனஸ் என்ற பதினாறு வயது மாணவியை அவருடைய தந்தையே குத்திக் கொன்றார். அந்தப் பெண் பழகியது ஒரு லெபனானியக் கிறித்தவ இளைஞரோடு. அவ்வழக்கின் பிறகுதான் பழைய கோப்புகள் தூசி தட்டப்பட்டன. தற்கொலை, விபத்து, காணாமற்போனவர் என்றெல்லாம் மூடி வைக்கப்பட்டவற்றில் மானக் கொலைகள் எத்தனை என்று அறிய 2004இல் 117 வழக்குகளை மறு ஆய்வுக்கு எடுத்தார்கள். 2005இல் கட்டாயத் திருமணத் தடுப்புக்கென அரசு தனிப்பிரிவு ஒன்றை அமைத்தது. இத்தனைக்கும் பின்புதான் பனாஸ் ஐந்து முறை கதவைத் தட்டினார் என்பதை நினைத்தால் வேதனை மிகுகிறது. அவரது முறையீடுகளைக் கையாண்ட விதத்தைக் காவல்துறை மீதான புகார்களை விசாரிக்கும் ஆணையம் 2008இல் கடுமையாகக் குறை கூறியது. 2015இல் காவல் ஆய்வகம் நாட்டின் 43 காவல் பிரிவுகளைச் சோதித்தபோது, இவ்வகைக் குற்றங்களை எதிர்கொள்ள எல்லா வகையிலும் ஆயத்தமாக இருந்தவை மூன்றே மூன்று.

இன்று அங்கே இத்துறையில் பயிற்சி பெறுவோருக்குச் சொல்லப்படும் நெறிகளை வாசித்தபோது நாம் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டோம். ஒரே வாய்ப்பு விதி என்று ஒன்று உண்டு. அச்சுறுத்தப்பட்ட பெண் உன்னிடம் வருவது அந்த ஒரு முறைதான் என்று எண்ணிச் செயல்படு. மறுமுறை வரும்வரை அவள் உயிரோடிருப்பாள் என்பதற்கு உறுதியில்லை. அவள் சொல்வதைச் சரிபார்க்கிறேன் என்று குடும்பத்தாரிடம் போகாதே. உறவினரையோ ஊராரையோ மொழிபெயர்க்க வைக்காதே. பெற்றோர் அழுதுகொண்டே காணவில்லை என்று புகார் கொடுத்தால், பாசத்தால் தேடுகிறார்களா, வேட்டைக்குக் காவல்துறையைத் துணைக்கழைக்கிறார்களா என்று பார். எல்லாவற்றுக்கும் மேலாக, சமரசம் பேசாதே.

சமரசம் பேசாதே என்ற அந்த ஒரு நெறிதான் நம்மை நிறுத்தியது. ஏனெனில் நாம் பேசியிருக்கிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் பங்குப் பேரவையில் ஒரு பொறுப்பில் இருந்த காலம். அக்டோபர் மாதம், செபமாலை முடிந்து எல்லாரும் கலைந்த பின் பாடகற்குழுவில் பாடும் பெண் ஒருத்தி கெபியருகே காத்து நின்றாள். திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டும் என்றாள். எதற்கம்மா என்று கேட்டோம். வேறு ஊரில் ஓலை வாசிக்க வேண்டும் என்றாள். பையன் யார் என்பதைச் சொன்னபோது அவள் குரல் தாழ்ந்தது. அவனும் நம் மறையைச் சேர்ந்தவன்தான். ஆனால் நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அவன் குடும்பத்தாரைப் புதைக்கும் பக்கம் வேறு. “அப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம், ஐயா” என்றாள். இருமுறை சொன்னாள்.

நாம் நல்லதென்று எண்ணியே செய்தோம். பெரியவர் இருவரைத் துணைக்கழைத்துக்கொண்டு மறுநாள் மாலை அவள் வீட்டிற்குப் போனோம். தகப்பனார் மரியாதைப்பட்டவர். நாற்காலி போட்டார், காப்பி தந்தார். நாம் காலத்தின் மாற்றத்தைப் பற்றியும் கிறித்தவ அன்பைப் பற்றியும் பேசினோம். பொறுமையாகக் கேட்டார். “நீங்க வந்து சொன்னதே பெரிய உதவி” என்று வாசல்வரை வந்து கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த ஞாயிறு அவள் பாடகற்குழுவில் இல்லை. அத்தை வீட்டில் இருக்கிறாள் என்றார்கள். தை மாதத்தில் தொலைவூரில் திருமணம் நடந்ததாகக் கேள்விப்பட்டோம். அந்தப் பையன் வேலைக்கென்று ஊரைவிட்டுப் போனவன் திரும்பவில்லை. அந்தப் பெண் உயிரோடிருக்கிறாள். அதற்காக ஆண்டவருக்கு நன்றி. ஆனால் அவள் உயிரோடிருப்பது நம் மதியால் அன்று. அந்தத் தகப்பனார் வேறுவிதமானவராக இருந்திருந்தால், காப்பி குடித்துவிட்டு நாம் எழுந்து வந்த அந்த மாலையே அவளுக்குக் கடைசி மாலையாக ஆகியிருக்கக்கூடும். சில ஆண்டுகள் கழித்து ஒரு துக்க வீட்டில் அவளைக் கண்டோம். குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். நல்லாயிருக்கியாம்மா என்றோம். தலையசைத்தாள். நம் முகத்தை அவள் பார்க்கவில்லை.

ஆகையால், இது முகமதியர் விவகாரம், குர்துகளின் காட்டுமிராண்டி வழக்கம் என்று யாரேனும் இக்கட்டுரையை வாசித்துத் திருப்தியடைவாராயின் அது நமக்கு உடன்பாடன்று. தன் மருமகள் தாமார் கருவுற்றாள் என்று கேள்விப்பட்டவுடன், அவளை வெளியே கொண்டுவந்து எரித்துவிடுங்கள் என்று தீர்ப்புச் சொன்னவர் நம் குலமுதுவர் யூதா. முத்திரையையும் கோலையும் அவள் அனுப்பி வைத்து, இவை யாருடையவை என்று கேட்டபோதுதான் அவர் வாயடைத்துப் போனார். அந்தத் தாமாரின் பெயரை ஆண்டவரின் தலைமுறை அட்டவணையில் மத்தேயு எழுதி வைத்திருக்கிறார். ஆண்டுதோறும் டிசம்பர் 17 அன்று கோவிலில் அதை வாசிக்கிறோம். பெயர்கள் நீளமாயிருப்பதால் பலருக்கு உறக்கம் வந்துவிடுகிறது.

நம் நாட்டு உச்சநீதிமன்றமும் 2018 மார்ச்சில் அளித்த தீர்ப்பில், ஆணவக் கொலைகளைத் தடுக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவும், அடைக்கலம் தேடும் இணையருக்குப் பாதுகாப்பு இல்லமும் அமைக்குமாறு மாநிலங்களுக்குக் கட்டளையிட்டது. விருத்தாசலத்தை அடுத்த ஊர் ஒன்றில் 2003இல் இளம் கணவன் மனைவி இருவர் நஞ்சூட்டிக் கொல்லப்பட்ட வழக்கில், உண்மையைப் புரட்டி எழுதிய காவல் அதிகாரிகளுக்கு விதிக்கப்பட்ட தண்டனையை அதே நீதிமன்றம் 2025 ஏப்ரலில் உறுதி செய்தது. இருபத்திரண்டு ஆண்டுகள்! தானியேல் நிற்கவேண்டிய இடத்தில் அந்த இரு முதியவர்களே சீருடையணிந்து நின்றால் நீதிக்கு அவ்வளவு காலம் ஆகிறது.

லண்டனுக்குத் திரும்புவோம். பனாஸின் தந்தையும் சித்தப்பாவும் 2007இல் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் குற்றவாளிகள் எனத் தீர்ப்புப் பெற்றனர். ஆயுள் தண்டனை, குறைந்தது தந்தைக்கு 20 ஆண்டுகள், சித்தப்பாவுக்கு 23 ஆண்டுகள். மூன்றாமவர் தாமே குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்த வழக்கில் பனாஸின் அக்கா சாட்சியம் அளித்தார். வீட்டின் கொடுமைக்கு அஞ்சி அவர் முன்பே வெளியேறியிருந்தவர். பெற்ற தந்தைக்கு எதிராக, உச்சி முதல் உள்ளங்கால் வரை கறுப்புத் துணியால் மறைத்துக்கொண்டு கூண்டில் ஏறினார். இத்தகைய வழக்கொன்றில் வீட்டுப் பெண் ஒருவர் குடும்பத்துக்கு எதிராகச் சாட்சி சொன்னது அந்நாட்டில் அதுவே முதன்முறை என்பர். அதன்பின் அவர் மறைந்து வாழ வேண்டியதாயிற்று. கரோலைன் கூட்டின் திறமையைப் புகழ்வோர் இதையும் சேர்த்தே எண்ண வேண்டும். தங்கைக்காகத் தன் பெயரையும் முகவரியையும் இழக்க ஒருத்தி துணியாவிடில், அழைப்புப் பதிவுகள் மட்டும் எவ்வளவு தூரம் போயிருக்கும்?

கொலையில் நேரடியாக ஈடுபட்ட இருவர் ஈராக்கிற்குத் தப்பிவிட்டனர். ஈராக்கிலிருந்து அதுவரை எவரையும் பிரித்தானியா வழக்கிற்காகத் திருப்பி அழைத்ததில்லை. போரும் குழப்பமும் நிறைந்த நாடு. தூதரகங்கள், அமைச்சகங்கள், குர்துப் பகுதி அதிகாரிகள் என்று எத்தனையோ வாசல்கள். ஐவருள் மூவர் சிறை சென்றுவிட்டனர், போதாதா என்று மேலிடத்தில் சலிப்புத் தோன்றுவது இயற்கை. கரோலைன் விடவில்லை. 2009இல் ஒருவரும் 2010இல் மற்றவரும் லண்டனுக்குக் கொண்டுவரப்பட்டு, 2010 நவம்பரில் தண்டனை பெற்றனர். 2011இல் அரசியின் காவல் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது.

இத்துறையில் பெரிய வெற்றிகள் யாவும் காலந்தாழ்ந்த வெற்றிகளே என்பது நமக்கு உறுத்துகிறது. துப்பறிவாளர் வரும்போது பெண் இல்லை. ஆதலால் அங்குள்ள தொண்டர்கள் முன்னதாகவே போய் நிற்க முயல்கின்றனர். கட்டாய மணத்துக்காக வெளிநாடு கொண்டு செல்லப்படும் பெண்ணுக்கு அவர்கள் சொல்லித் தரும் ஓர் உபாயம் உண்டு. உள்ளாடைக்குள் ஒரு கரண்டியை மறைத்துக்கொள்; விமான நிலையத்தில் உலோகச் சோதனைக் கருவி ஒலித்ததும் உன்னைத் தனியறைக்கு அழைத்துச் செல்வர்; பெற்றோர் இல்லாத அந்த ஐந்து நிமிடத்தில் உண்மையைச் சொல்லிவிடு. இதை வாசித்தபோது நமக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. தனியே பேச ஓர் அறை கிடைப்பதற்கு ஒரு பெண் சமையற்கட்டுக் கரண்டியை நம்பவேண்டியிருக்கிறது. நம் கோவிலில் ஒப்புரவுத் தொட்டி இருக்கிறது, கெபி இருக்கிறது, நம்மைப் போன்ற பொறுப்பாளர்கள் இருக்கிறோம். எனினும்...

பனாஸின் கல்லறையில் குடும்பத்தார் பெயர்க்கல் நாட்டவில்லை. வெறும் மண்மேடாகவே பல காலம் கிடந்தது. அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தவர்களும் அவருக்காக உழைத்தவர்களும் பின்னர் அங்கே நினைவுக்கல் அமையச் செய்தனர். உயிரோடிருந்தபோது ஒருமுறைகூடச் சந்தித்திராத ஒரு பெண்ணைக் கரோலைனும் அவருடைய குழுவினரும் தங்கள் பெண்ணைப்போல் எண்ணத் தொடங்கியிருந்தார்கள்.

சென்ற நவம்பரில் இறந்தோர் நினைவுத் திருப்பலிக்கு வழக்கம்போல் நம் பெற்றோர் பெயர்களை எழுதிக் கொடுக்கப் பங்கு அலுவலகம் சென்றோம். எழுதி முடித்தபின் கை அங்கேயே நின்றது. பிற மறையைச் சேர்ந்த ஒரு பெண்ணின் பெயரையும் எழுதலாமா என்று பங்குத்தந்தையிடம் கேட்டோம். அவர் விவரம் கேட்கவில்லை, எழுதுங்கள் என்றார். பனாஸ் என்று எழுதினோம். படிவத்தில் பெயருக்கு அடுத்து இன்னொரு கட்டம் இருந்தது: எந்தக் குடும்பம்? அதை வெறுமையாக விட்டுவிட்டு, காணிக்கையைச் செலுத்தி வந்தோம்.